ஸ்டோரிலிருந்து மதிப்பை ஏன் பிடுங்குகிறீர்கள்?

வாராவாரம் ஜூனியர் பிள்ளைகள் யாராவது கேட்கும் கேள்வி: "அண்ணா, ஸ்டோர்ல இருக்கிற மதிப்பை எப்படி வெளியே எடுக்கிறது?" ஸ்டோர் என்பது ஆப்பின் தரவெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் கிடங்கு. எதற்கு வெளியே எடுக்கணும் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்குகிறது. கேட்கிற எனக்கே அது பட்ட பிறகு வந்த புத்திதான்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் ஆப் எழுதிக் கொடுத்தேன். இணையப் பக்கம் கட்ட ஆங்குலர், அதற்கு ஸ்டோர் தர என்ஜிஆர்எக்ஸ். சம்பா அறுவடை நேரம், மத்தியானம் கணக்கப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, முதலாளி வெலைய ஏத்திட்டாரு. எடை மேடைக் கம்ப்யூட்டர்ல இன்னும் காலை வெலையே நிக்குது." 60 கிலோ மூட்டைக்கு 40 ரூபாய் வித்தியாசம். எதிரே விவசாயி நிற்கிறார்.

தப்பு என்னுடையதுதான். கம்போனென்ட் (திரையின் ஒரு பகுதி) தொடங்கும் இடத்தில் ஸ்டோரிலிருந்து விலையை செலக்ட் செய்து, ஒரே ஒரு மதிப்பு போதும் என்று சொல்லும் டேக்(1) போட்டு, சப்ஸ்கிரைப் செய்து (மதிப்பு வந்தால் எனக்குக் கொடு என்று பதிந்து), வந்த விலையை ஒரு சாதாரண மாறியில் (வேரியபிள்) போட்டு வைத்திருந்தேன். ஸ்டோர் கடைசி மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சப்ஸ்கிரைப் செய்தாலும் உடனே கொடுத்துவிடும். அதனால் ஏதோ மாறியைப் படிப்பதுபோலவே இருக்கும். சோதித்தபோதெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் எடை மேடையில் காலையில் திறந்த பக்கத்தை ராத்திரிவரை யாரும் மூடுவதில்லை. டேக்(1) ஒரு மதிப்போடு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

எங்கள் சித்தப்பா காலைப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். 120 அடி என்று போட்டிருந்தால் முகம் மலரும். ஆனால் நாங்கள் கடைமடை. மடையைத் திறக்கணும் என்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாய்க்காலுக்குத்தான் போவார். என் திரை பேப்பரைப் பார்த்து மடை திறந்துகொண்டிருந்தது.

அவசரத்தில் நான் டேக்(1)-ஐ மட்டும் எடுத்தேன். விலை மாறியது, ஆனால் அது வேறு வம்பு. ஸ்டோரின் அப்சர்வபிள், அதாவது மதிப்பு மாற மாற அனுப்பிக்கொண்டே இருக்கும் ஓடை, தானாக முடிவதில்லை. பக்கத்துக்கு வந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சப்ஸ்கிரிப்ஷன் மிச்சம். மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்த கதை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திரையில் எது எங்கே வரணும் என்று எழுதும் டெம்ப்ளேட்டில் அசிங்க் பைப் போட்டேன். சப்ஸ்கிரிப்ஷனைத் திறப்பதும் அடைப்பதும் அதன் பாடு.

இப்போது சிக்னல் வந்துவிட்டதே, கூப்பிட்டால் அப்போதைய மதிப்பைத் தருமே என்பீர்கள். 2023-இல் ஆங்குலர் 16-ஓடு வந்தது, என்ஜிஆர்எக்ஸிலும் ஸ்டோர் மதிப்பை சிக்னலாகத் தரும் செலக்ட்சிக்னல் இருக்கிறது. திரையில் காட்டுவதற்கு என் ஓட்டு அதற்கே. ஆனால் அதையும் கம்போனென்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் ஒருமுறை கூப்பிட்டு மாறியில் போட்டு வைக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டேன். ஸ்டோருக்குள் இருக்கும் தரவான ஸ்டேட்டை நேரடியாகத் திருத்திவிட்டு "செலக்டர் வேலை செய்யலை" என்பவர்கள் தனி ரகம். அதே ஆப்ஜெக்டையே திருப்பிக் கொடுத்தால் ஒன்றும் மாறவில்லை என்று, ஸ்டேட்டிலிருந்து வேண்டியதை எடுத்துத் தரும் அந்த செலக்டர் சும்மா இருக்கத்தானே செய்யும்?

அப்புறம் ஒரு வாரம் கழித்து கணக்கப்பிள்ளை மறுபடி போன். "தம்பி, லாரி மேடையில நிக்கும்போதே வெலை மாறுது. வெலை எறங்கிடுச்சுன்னா சண்டைக்கு வர்றாங்க." நியாயம்தான். லாரி மேடையேறி எடை பதிந்த நொடியில் இருந்த விலைதான் அந்தச் சீட்டுக்கு என்று மாற்றிக் கொடுத்தேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் டேக்(1) இன்னும் இருக்கிறது.