புண் வேறு, பாதரசம் வேறு

"கொடைக்கானல் ஏரி மீனில் சிவப்புப் புண் இருந்தால் அது பாதரசம், புண் இல்லாத மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி ஆபத்து.

மீனுக்குப் புண் வருவது பெரும்பாலும் பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணிகளால்தான். கெண்டையின் செதிலோரம் நூல் மாதிரி தொங்குமே, அது நங்கூரப் புழு (பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு வகையறா). கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்தால் மீன் சோர்ந்துபோய் இந்த நோய்கள் சுலபமாகப் பற்றும். அந்த அளவில் தண்ணீருக்கும் பங்கு உண்டு, சரி.

ஆனால் பாதரசம் இப்படித் தோலில் காட்டிக்கொடுக்காது. அடிச்சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக (உடலில் சுலபமாகச் சேரும் நச்சு வடிவம்) மாற்றும். அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிச் சதையிலேயே தங்கிவிடும். மீன் பளபளவென்றுதான் இருக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், குழம்பில் கொதிக்கவிட்டாலும், பொரித்தாலும் போகாது. கொடைக்கானலில் பாதரசக் கழிவை வெளியேற்றிய தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியாயிற்றே என்றும் இருந்துவிட முடியாது. பாதரசம் மக்கிப்போகிற பொருள் இல்லை. சதையை ஆய்வகத்தில் சோதித்தால்தான் அளவு தெரியும்.

அப்புறம், தூண்டிலில் புண் மீன் சிக்கினால் அதைத் திரும்ப ஏரியில் வீசாதீர்கள்.