‘படித்தால் 10%, கற்பித்தால் 90%’: அந்தப் பிரமிடு படம் உண்மையா?

படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, பிறருக்குக் கற்பித்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு பிரமிடு படம் சுற்றுகிறது. சில பள்ளிகளும் அதை நம்பிப் பாடமுறையை மாற்றுகின்றன.

இது தவறு. இதற்கு மூலமாகக் காட்டப்படும் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் தந்த கூம்பு வடிவப் படத்தில் சதவீதமே கிடையாது. எண்கள் மற்றவர்கள் ஒட்டியவை. எல்லாம் இவ்வளவு முழு எண்ணாக வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

சரி, ஆய்வு என்ன சொல்கிறது? 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரே பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் திரும்பப் படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ். ஆகவே வாசிப்பைக் குறைக்க வேண்டாம். வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.