இலையைக் கூட்டி எடுத்துவிட்டு மரம் நடுகிறோம்

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ் உள்ள சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலைக் கன்று வைக்கக் குழி தோண்டியபோது, அரையடியிலேயே மண்வெட்டி ‘டங்’கென்று நின்றது. மேலே கறுப்பாகத் தெரிந்தது லாரியில் வந்த மண். அதற்குக் கீழே இறுகிய மஞ்சள் களிமண்ணும், உடைந்த தரை ஓடுகளும், துருப்பிடித்த கம்பியொன்றும் கிடந்தன. மாலையில் குழி நிறைய ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதி வடியாமல் நின்றது. (கொசு ஒழிப்பு அதிகாரிகள் கண்ணில் பட்டிருந்தால் அபராதம்தான்.)

1963இல் லீ குவான் யூ தொடங்கிவைத்த மரம் நடும் இயக்கம் முதல் 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கம் வரை, நாம் எண்ணிக்கை வைத்திருப்பது மரங்களுக்குத்தான். அதைக் குறை சொல்லவில்லை, அந்த நிழலில்தான் நானும் நடக்கிறேன். ஆனால் அவற்றைத் தாங்கும் மண்ணின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டிலேயே, தோல் பதனிடப் பயன்பட்ட கம்பீர் (gambier) பயிர் இத்தீவின் மண்ணை உறிஞ்சித் தீர்த்ததால், தோட்டக்காரர்கள் நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காட்டை அழிக்கப் போனார்கள். பின்னர் பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி ஈஸ்ட் கோஸ்ட் கடலைத் தூர்த்தோம். எஞ்சிய இடங்களைக் கட்டுமான இயந்திரங்கள் மிதித்துக் கெட்டியாக்கின.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி, காற்றும் நீரும் புழங்கும் துளைகளே. அவை நசுங்கினால் வேர் இறங்காது, மழைநீரும் உள்ளே போகாமல் நேராகக் கால்வாய்க்கு ஓடும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை சத்தைக் கரைத்துச் செல்ல, வெப்பத்தில் மண்ணிலுள்ள இலைமட்கும் விரைவாகச் சிதைந்துவிடுகிறது. தீவில் எஞ்சியிருக்கும் புக்கிட் தீமா இயற்கைக் காடு செழிப்பது விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்குவதால்தான். நம் பேட்டையிலோ அங்சானா மரத்தடி இலைகள் காலை ஏழு மணிக்குள் கறுப்புப் பைகளில் ஏறிவிடுகின்றன. நடைபாதையிலும் கால்வாயிலும் கிடப்பதைக் கூட்டத்தான் வேண்டும். மரத்தடியில் கிடப்பதையும் ஏன் கூட்ட வேண்டும்? ‘குப்பையாகத் தெரிகிறது’ என்று புகார் செய்வோர் நம்மிலேயே இருப்பதுதான் காரணம்.

கடப்பாரையால் இரண்டடி ஆழம் நெகிழ்த்தி, தொழுவுரம் கலந்து, மேலே சருகைப் பரப்பினோம். புதுக்கோட்டையிலிருந்து வந்து இங்கே துப்புரவு வேலை பார்க்கும் தம்பி, “அண்ணே, இன்னைக்கு ரெண்டு பை இருக்கு, எங்க கொட்ட?” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எட்டு மாதத்தில் மண்புழு வந்தது; அதே இடத்தில் ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் இறங்குகிறது.

கட்டடம் முடிந்து புல் விரிப்பதற்கு முன், ஒப்பந்தக்காரர் அடிமண்ணை நெகிழ்த்திக் கொடுத்தாரா என்று ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே நிலத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.