38 தலைமுறைக்கும் ஆதாரம் எங்கேன்னு கேட்டா கோபம் வருது

மஞ்சக்குப்பத்துல ஒரு குடும்பம் தன்னோட வம்சாவளின்னு போட்டு வச்சிருக்கிற ப்ளெக்ஸ் பத்தி நான் வாயே திறக்கக் கூடாதாம். ரெண்டு நாளா இன்பாக்ஸ்ல இதே அறிவுரை. ராஜேந்திர சோழன்ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் 38 பேரு, நடுவுல ஒரு ஓட்டை கூட இல்லை. 1850க்கு முன்னாடி இருக்கிற பேருக்கெல்லாம் எந்தத் தாள்னு கேட்டேன். "நீ எந்த ஊரு, என்ன குலம்?"னு பதில் வந்துச்சு. ரொம்ப சந்தோஷம்.

தாள் எங்க கிடைக்கும்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. வீட்டுப் பெட்டியில இருக்கிற பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதல்ல எடுங்க. "இன்னார் குமாரர் இன்னார்"னு எழுதியிருக்கும், சில சமயம் ஒரே பத்திரத்துல மூணு தலைமுறை வந்துடும். அதுல இருக்கிற சர்வே நம்பரை வச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போடுங்க. பழைய வருஷங்களுக்கு ஆன்லைனை நம்பாதீங்க, மனு கொடுத்து கையால எழுதின புத்தகத்துலதான் தேடணும்.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு யோகம், பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன எத்தா சிவில், அதாவது பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடு இருக்கு. கல்யாணப் பதிவுல ஆரம்பிங்க, ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரும் அதுல வரும். கோவிந்தனை ‘ஜி’ வரிசையில மட்டும் பாத்துட்டு இல்லைன்னு திரும்பாதீங்க, பிரெஞ்சுக்காரன் ‘சி’ (C) போட்டும் எழுதியிருப்பான், அதுலயும் பாருங்க. 1881 ஆணைக்கு அப்புறம் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறினவங்க புதுசா குடும்பப் பேரு வச்சுக்கிட்டாங்க. அந்தப் பேரை வச்சு அதுக்கு முந்தின பதிவைத் தேடினா ஒண்ணும் கிடைக்காது.

பெரிய குழப்பமே வேற. நம்ம ஊர்ல பேரனுக்குத் தாத்தா பேரு. ராமசாமி, கோவிந்தன், மறுபடி ராமசாமி. வருஷத்தையும் அப்பா பேரையும் சேர்த்துப் பாக்கலைன்னா ரெண்டு ராமசாமி ஒருத்தராயிடுவாங்க, இல்லைன்னா ஒருத்தரே ரெண்டாயிடுவாரு. சுவீகாரம், ரெண்டாம் தாரம் வேற. இதையெல்லாம் தாண்டி 38 பேரையும் பிசகாம எழுதிட்டாங்களாம்!

"வாய்மொழி வரலாறு பொய்யா?"ன்னு கேப்பீங்க. இல்லை. குலதெய்வக் கோயில் எந்த ஊர்ல இருக்குன்றது நல்ல துப்பு, அங்கிருந்து வந்திருக்கலாம்னு தேட ஆரம்பிக்கலாம். துப்பு வேற, சாட்சி வேற.

"டிஎன்ஏ இருக்கே"ன்னா, ஒய் குரோமோசோம் அப்பன் வழியில ஒரே ஒரு கோட்டைத்தான் காட்டும். ஒப்பிட்டுப் பாக்க சோழனோட எச்சில் யார்கிட்ட இருக்கு?

சும்மா கணக்குப் போடுங்க. பத்துத் தலைமுறை மேல போனா முன்னோருக்கு 1024 இடம். அத்தை மகன், மாமன் மகள்னு கட்டிக்கிட்டதால ஒரே ஆளு பல இடத்துல வருவாரு, எண்ணிக்கை குறையும். குறைஞ்சாலும் அத்தனை பேரும் உங்க ரத்தம்தானே? உழுதவன், மீன் பிடிச்சவன், கடன்ல நிலத்தை விட்டவன் எல்லாம் எங்க போனான்? ராஜா மட்டும்தான் பெத்தாரா?

இன்னொண்ணு, 38 பேருமே ஆம்பளைங்க. எவளுமே பெக்கலை போல. பழசு கிடைக்கலைன்னு சொல்லலாம், சரி. இப்ப உங்க வீட்ல இருக்கிற மருமக பேரு? அதுக்கு எந்த ஆவணக் காப்பகமும் போக வேண்டாம், ரேஷன் கார்டுலயே இருக்கு.