கறி சாப்பிடுகிறேன், ஆனால் சைவத்தைப் பழிக்க மாட்டேன்

பல வருடம் சைவமாக இருந்துவிட்டு இப்போது மறுபடியும் கறி, மீன் சாப்பிடுகிறேன். விஷயம் தெரிந்ததும் நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு அணி, "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்கிறது. இன்னொரு அணி "நீயுமா?" என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுவதில்லை. இரண்டாவது அணியின் மேல் எனக்கு வருத்தமே இல்லை. முதல் அணியிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

புத்தி வந்தது என்றால் இதுவரை இருந்தது அறியாமை என்றாகிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலியை உணரும் ஓர் உயிரை நம் சாப்பாட்டுக்காகக் கொல்ல வேண்டாம் என்று நினைத்துத்தான் விட்டேன். அந்த நினைப்பு அன்றைக்கும் சரிதான், இன்றைக்கும் சரிதான். என் தட்டு மாறிவிட்டது என்பதற்காகக் கோழிக்கு வலிக்காமல் போய்விடாது.

"உடம்பு கேட்டிருக்கும், அதான்" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. உடம்பு படுத்தியது உண்மைதான். பாதம் அடிக்கடி மரத்துப்போகும். நாக்கு சிவந்து வழவழப்பாகி, சூடாக எது பட்டாலும் எரியும். ரத்தத்தைப் பரிசோதித்தபோது பி12 மிகவும் குறைந்திருந்தது. இந்த வைட்டமினைச் செடிகொடிகள் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. நமக்குக் கறி, மீன், முட்டை, பால் வழியாக வந்து சேர்கிறது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பே சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது. "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தேன், சாப்பாட்டால் எப்படி வரும்?" என்று பலர் அசட்டையாக இருந்துவிடுவது இதனால்தான். ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய உள்ளே போனால், பி12 குறைவால் வரும் ரத்தசோகைகூட வெளியே தெரியாமல் மறைந்துவிடும்; நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். ரொம்பத் தாமதித்தால் அந்தச் சேதம் திரும்பாமலே போகலாம்.

ஆனால் எனக்கு அதைச் சரிசெய்தது கறி அல்ல. சில ஊசிகள், பிறகு மாத்திரை. மரத்துப்போவது நின்றது. "கறி சாப்பிட்டே ஆகணும்னு இல்லை" என்று மருத்துவரே சொன்னார். 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள், பி12 குறைவால் வரும் ஒரு கொடிய ரத்தசோகைக்குத் தினமும் ஈரலைச் சாப்பிடக் கொடுத்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். அதற்காக 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் காலத்தில் ஈரலை விட்டால் வேறு வழியில்லை. 1948-இல் பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இன்று வரும் மாத்திரையும் பாக்டீரியாவைக் கொண்டே தயாராகிறது. ஆகவே பி12-ஐக் காரணமாகக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

பிறகு ஏன் சாப்பிட ஆரம்பித்தேன்? சாப்பிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த ஆசை ஒருநாளும் முழுதாகப் போகவே இல்லை. அதோடு அலுப்பும் சேர்ந்துகொண்டது. செடிகளிலிருந்து வரும் இரும்புச்சத்து உடம்பில் அவ்வளவு எளிதாகச் சேராது. கூடவே வைட்டமின் சி வேண்டும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. புரதத்துக்கு ஒரு கணக்கு, வெளியே போனால் எது கிடைக்கும் என்று ஒரு கணக்கு. இதையெல்லாம் சலிக்காமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடித்தான் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆய்வில், சைவத்துக்கு மாறியவர்களில் 84 சதவீதம் பேர் திரும்பிவிட்டதாகத் தெரிந்தது. இந்த எண்ணைக் காட்டி "பார்த்தியா, சைவம் இயற்கைக்கு விரோதம்" என்கிறார்கள். ஒரு காரியம் கஷ்டமானது என்பதற்குத்தான் அது சாட்சி. அது தப்பான காரியம் என்பதற்கு அல்ல.

காரணம் தேடுவது பழைய வழக்கம். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் கறி, மீன் எல்லாவற்றையும் விட்டிருந்தார். ஒரு கப்பல் பயணத்தில் காட் மீன் வறுக்கும் வாசனை ஆளை இழுத்திருக்கிறது. அந்த மீனின் வயிற்றில் சின்ன மீன்கள் கிடந்ததைப் பார்த்ததும், நீங்களே ஒன்றையொன்று தின்னும்போது நான் உங்களைத் தின்றால் என்ன என்று முடிவுகட்டிச் சாப்பிட்டுவிட்டார். பகுத்தறிவு இருப்பது எவ்வளவு வசதி, செய்ய நினைப்பதற்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது என்று பிறகு அவரே எழுதியும் வைத்தார். வாசனைதான் முதலில் வந்தது, வாதம் பின்னால்தான் வந்தது.

நான் முதலில் சாப்பிட்டது ஒரு சின்னத் துண்டு மீன். கவுச்சி நாற்றம் அடிக்கும், குமட்டும் என்று பயந்தேன். நாக்கில் வைத்ததுமே அந்த உப்பும் கொழுப்பும் நன்றாகப் பழகிய ருசியாக இருந்தது. வயிறும் ஒன்றும் செய்யவில்லை. பல வருடம் விட்டுவிட்டால் கறியைச் செரிக்கும் சக்தியே போய்விடும் என்பது கட்டுக்கதை. பருப்பின் புரதத்தைச் செரிக்கும் அதே நொதிகள்தான் கறியையும் செரிக்கின்றன.

இப்போது என்னைக் குடைவது வேறு. எதைச் சாப்பிடுவது? கறிக்கோழியை ஆறு வாரம் வாக்கில் கொன்றுவிடுகிறார்கள். விட்டால் பல வருடம் வாழக்கூடிய பறவை அது. உலகம் முழுக்க ஒரு வருடத்தில் 7,000 கோடிக்கும் மேல் கோழிகள் இப்படிச் சாகின்றன. ஒரு மாட்டில் கிடைக்கும் கறிக்கு ஈடாக நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் சாக வேண்டும். அப்படியானால் மாடு பரவாயில்லையா? புவி வெப்பமாவதை வைத்துப் பார்த்தால் மாட்டிறைச்சிதான் மோசம், கோழியைவிடப் பல மடங்கு. உயிர்க்கணக்கு ஒன்று சொல்கிறது, பருவநிலைக் கணக்கு அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. இரண்டுக்கும் ஓரளவு ஒத்துவருவது சிப்பி வகைகள்தான். அவற்றுக்கு மூளை என்று ஒன்று கிடையாது, நரம்பு முடிச்சுகள் மட்டும்தான், பி12-ம் ஏராளம். அதனால் சிப்பி அதிகம், மீன் கொஞ்சம், கறி எப்போதாவது என்று வைத்திருக்கிறேன். பதப்படுத்திய இறைச்சியைத் தொடுவதில்லை. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015-இலேயே வகைப்படுத்திவிட்டது.

சைவத்துக்கு மாறலாமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக மாறுங்கள் என்றுதான் சொல்கிறேன். மாறும் முன் ஒரு தடவை பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றால் முதல் நாளிலிருந்தே மாத்திரை எடுங்கள், பாதம் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். எப்படி ஆரம்பித்தேன், எதில் சிரமப்பட்டேன் என்று கேட்டால் அதையும் விவரமாகச் சொல்கிறேன்.