நான் வைத்த பெட்டியை நகர்த்தாதே!

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் மாதிரி வரையும் மென்பொருளில் படமாக்குகிறேன்; ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. மேலே கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். தண்ணீர் ஓடும் வரிசை அதுதான். பாடுபட்டு அடுக்கியபின் ஒரு கால்வாயைச் சேர்த்தால் போதும், தானியங்கி அடுக்குமுறை அத்தனையையும் கலைத்துவிடுகிறது. ஆற்றில் சுத்தமல்லிக்குக் கீழே இருக்கும் மருதூர், படத்தில் அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது! திருநெல்வேலிக்காரன் எவனாவது இதைப் பொறுப்பானா? கோடகன் கால்வாயின் பெயர் பெட்டிக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகிறது. எழுத்தளவை மாற்றினால் அந்த ஒரு படத்தில்தான் மாறும். நிறமும் கோட்டின் தடிமனும்கூட ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மாதிரி ஒன்று, அதைக் காட்டும் படங்களான பார்வைகள் பல என்பதுதானே இந்த மென்பொருள்களின் அடிப்படை? பிறகு என் விருப்பத்தை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள என்ன கேடு?