20ஆம் வாரத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு

சென்ற வாரம் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஓடிய அந்தக் காணொளியை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. பிறந்து சில நாட்களேயான பிள்ளையின் கட்டையான கை கால்களைக் காட்டி, "20ஆம் வாரத்தில் ஸ்கான் எடுத்தவைக்குக் கண் தெரியாதோ?" என்று உரத்துக் கேட்ட பெரியவருக்கும், அதன் கீழ் தாயின் மீது பழியைக் கொட்டியவர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கை கால்கள் கட்டையாகும் இந்தக் குறைபாடு கர்ப்பத்தின் 20ஆம் வாரத்தில் பெரும்பாலும் தெரியாது.

அகொண்ட்ரோபிளேசியா என்னும் இந்த எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டில், தொடை எலும்பு அந்த வாரங்களில் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே வளர்ந்துவரும். ஏறத்தாழ 24 வாரத்துக்குப் பின்னரே பிந்தத் தொடங்கும். அங்கக் குறைபாடுகளைப் பார்க்கும் பெரிய ஸ்கானை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். அன்று "எல்லாம் சரி" என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. அன்று அளவுகள் சரியாகத்தான் இருந்தன.

"அப்படியென்றால் ஸ்கான் எதற்கு?" என்பீர்கள். தனடோபோரிக் டிஸ்பிளேசியா போன்ற கடும் எலும்புக் குறைபாடுகளில் எலும்புகள் முன்னதாகவே மிகக் குறுகி, நெஞ்சுக்கூடு ஒடுங்கித் தெரியும். தொடை எலும்பின் நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து வரும் எண் 0.16க்குக் குறைந்தால், சுவாசப்பை வளர இடமில்லாமல் போகும் என்று வைத்தியர்கள் அஞ்சுவார்கள். ஸ்கான் அதற்குத்தான். கவனயீனமாக எடுப்பவர்களும் உண்டே என்றால், உண்டு. அது வேறு வழக்கு.

என் தங்கைக்கு ஏழாம் மாதம் கடந்த பிறகே தெரிந்தது. ஒரு தனியார் நிலையத்தில், "துடை எலும்பு கட்டை, பெரிய டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்ற ஒற்றை வசனத்தோடு அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மாமி கலண்டரை இறக்கிக் கிரகணம் வந்த நாளைத் தேடினார். பெரிய டொக்டர்தான் வரைபில் புள்ளிகளை இட்டுக் காட்டினார். தலைச் சுற்றளவின் புள்ளி மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. தொடை எலும்பின் புள்ளி அடிக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. முந்திய ஸ்கானின் புள்ளியோ நடுக் கோட்டிலேயே இருந்தது.

கிரகணக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்று 1994இலேயே கண்டறிந்துவிட்டார்கள். இப்படிப் பிறப்பவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோரின் பெற்றோர் சாதாரண உயரம் உள்ளவர்கள். மாற்றம் புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் நேர்கிறது, அவருடைய வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது. தாய் எந்த நாளில் முற்றத்துக்கு இறங்கினாள் என்று விசாரித்த நீங்கள், நாற்பது கடந்து கலியாணம் கட்டும் ஆண்களைப் பற்றி ஏனோ வாய் திறக்கவில்லை. திறக்கவும் வேண்டாம், அவர்களும் குற்றவாளிகள் அல்லர்.

"முன்பே தெரிந்திருந்தால் ஒரு முடிவு எடுத்திருக்கலாமே" என்று நயமாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். எந்த முடிவு? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்புக்கு இடம் தருவதில்லை. பிறந்தவுடன் மூச்சுவிட இயலாது என்று ஸ்கானில் தெரிந்த பிள்ளையைக்கூட இந்நாட்டுத் தாய் மாதக்கணக்கில் சுமந்துதான் ஆக வேண்டும். அவளுக்காக இத்தனை பேர் எழுதி நான் கண்டதில்லை. அகொண்ட்ரோபிளேசியா உள்ள பிள்ளையோ பெரும்பாலும் வளர்ந்து, படித்து, எல்லோரையும் போல அறிவோடு வாழும் பிள்ளை. அப்படியிருக்க "முன்பே தெரிந்திருந்தால்" என்று நீங்கள் எழுதுவதை என் தங்கை எப்படி வாசிப்பாள் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா?

நான் டொக்டர்மாரின் ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் "பொம்பிளைப் பிள்ளை வேறை, ஆர் கட்டுவினம்?" என்று கேட்டவர் எனக்கு உறவுக்காரர். என் பெறாமகள் இப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கலியாணப் பேச்சை உங்களிடம் ஒருவரும் ஒப்படைக்கவில்லை.